பீமாராவ் ஜெயித்த அறுபத்தொரு ஆட்டங்கள்

லாரி டிரைவர் சொன்னதை பீமாராவ் முதலில் காதில் வாங்கவில்லை. முதுகில் எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை ஏறி உட்கார்ந்திருக்கும்போது காதுக்கு வேலை கிடையாது. கால் எங்கே வைக்கிறோம், பலகை ஆடுகிறதா, இந்த மூச்சு இன்னும் எத்தனை அடிக்குத் தாங்கும், அவ்வளவுதான். குடோனுக்குள் போய் மூட்டை அடுக்கான அட்டியில் மூட்டையைச் சரித்துவிட்டு, வெறும் முதுகோடு திரும்பி வந்து லாரியின் பின்பக்கம் நின்றபோதுதான் அந்தப் பேச்சு மறுபடி மண்டைக்குள் ஓடியது.

"இப்ப இன்னா சொன்ன?" என்று டிரைவரைக் கேட்டான்.

டிரைவர் பல்லில் குச்சியோடு கேபினில் சாய்ந்திருந்தான். "இன்னா சொன்னேன்? நேத்தே வந்திருக்கணும்னு சொன்னேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம். வளத்தி ஊருகிட்டயே போலீஸ்காரனுங்க வண்டிய ஓரங்கட்டிட்டானுங்க. கொசு புடுங்கி எடுத்துடுச்சு."

"அது இல்ல. ஏதோ போனுன்னியே."

"ஆமா. நேத்து காலைல எட்டு மணிக்கே உங்க கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டமே. எரநூறு மூட்டை, மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வந்துடும்னு. எப்பவும் சொல்றதுதான். வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி போன் போட்டுடணும். அவரு போட்ட சட்டம் அது."

பீமாராவ் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. பின்னால் மூட்டையோடு வந்த தாண்டவராயன் இடிக்கப் பார்த்து, "டேய், நடுவழியில நட்டு வச்ச கல்லாட்டம் நிக்கிற. முதுகு உடையுதுடா" என்று கத்தினான். பீமாராவ் நகர்ந்தான். ஆனால் அதற்குப் பிறகு இறக்கிய எந்த மூட்டையும் அவனுக்கு நினைவில் இல்லை.

நேற்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு அதே கணக்குப்பிள்ளை கோதண்டராமன் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டே, "லோடு வருமா வராதான்னு தெரியலப்பா" என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் உட்கார்ந்து ஆடினார். ஆடித் தோற்றார்.

செஞ்சியில் திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிறது அந்த மண்டி. மூட்டை இறக்க ஆறு பேர். மாதச் சம்பளம் கிடையாது. லாரி வந்தால் கூலி, வராவிட்டால் நான்கு மணி வரை உட்கார்ந்துவிட்டு வந்த வழியே போக வேண்டியது. லாரி வருமா என்பது வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. மழை மாதிரி அது என்றுதான் ஆறு பேரும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பீமாராவுக்கு நாற்பத்து நான்கு வயது. அரசியல் சட்டம் எழுதியவரின் பெயரை அவனுடைய நைனா அவனுக்கு வைத்தார், மகன் படிக்க வேண்டும் என்று. எட்டாம் வகுப்போடு நைனாவின் இடுப்பு போனது, மகன் மூட்டைக் கொக்கியை எடுத்தான். மண்டியில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. "பேருக்கு ஏத்த பீமன்யா" என்று முதலாளி அவன் தோளில் தட்டுவார். ஒருமுறை எடைச் சீட்டில் கூட்டல் தப்பாக இருக்கிறது என்று சொன்னதற்கு அதே முதலாளி, "உனக்குத்தான் தோள் இருக்குதே, மண்டைய எதுக்குடா போட்டு ஒழப்பிக்கிற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்தத் தோள் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. மண்டிக்கு வந்து சாக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். கோதண்டராமன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகச் சதுரங்கம் ஆடுவார். இந்தப் பக்கம் ஒன்று வைத்துவிட்டுப் பலகையைத் திருப்பி அந்தப் பக்கம் ஒன்று வைப்பார். காலேஜில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஆடியவர். செஞ்சி பஜாரில் அவருக்கு ஜோடி கிடைக்கவில்லை.

"எல்லாம் நேராப் போவுது, குதிரை மட்டும் ஏன் சார் கோணலாப் போவுது?" என்று பீமாராவ் தையலூசியோடு கேட்டதுதான் ஆரம்பம்.

தோள் சரியாகி, மறுபடி மூட்டை தூக்க ஆரம்பித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு தினமும் ஒன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்துவிடுவான். முதல் எட்டு மாதம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பத்து நகர்த்தலில் ராணி போய்விடும், இருபதில் ராஜா மாட்டிக்கொள்வான். கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டு ஆட்டத்தை எழுதிவைக்கும் முறையைக் கோதண்டராமன்தான் சொல்லிக்கொடுத்தார். நானூறு பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதினான். தேதி போடவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் நாளைத் தேதியால் நினைவு வைப்பதில்லை, லோடால் வைப்பார்கள். 'பொன்னி, எரநூறு.' 'மல்லாட்டை, ரெண்டு லாரி' என்றால் வேர்க்கடலை. 'லோடு இல்லை.' சாயந்தரம் வேலை முடிந்ததும் அன்றைய ஆட்டத்துக்கு மேலே இப்படி ஒரு தலைப்பு எழுதுவான். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் அவன் மகள் நிலா, போனில் ஒரு சதுரங்க ஆப்பை ஏற்றிக்கொடுத்தாள். ஆட்டத்தை அதில் போட்டால் எங்கே தப்பு செய்தோம் என்று அது சொல்லும். பெரிய தப்புக்குச் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி. தோற்ற ஆட்டங்களை எல்லாம் அவன் அதில் போட்டுப் பார்த்தான். குதிரை எங்கே நின்றால் எட்டுப் பக்கம் பாயும், ராஜாவை ஏன் சீக்கிரம் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் எல்லாம் அப்படித்தான் ஏறியது. ஜெயித்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஜெயித்ததில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒன்பதாவது மாதம் முதல் ஆட்டம் ஜெயித்தான். எழுந்து நின்று பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று மூன்று மணிக்கு வந்த இருநூறு மூட்டையை ஆறு பேரும் இரண்டே மணி நேரத்தில் இறக்கினார்கள். அதில் எழுபது அவன் மட்டும் தூக்கியது. அதற்குப் பிறகு வாரத்தில் ஒன்று, இரண்டு என்று ஜெயிக்க ஆரம்பித்தான். ஜெயித்த நாளில் எல்லாம் லாரி வந்தது. மண்டியில் கூட்டிப் பெருக்கும் பூவாயிதான் இதை முதலில் கண்டுபிடித்தாள். லோடு வந்தால்தான் அவளுக்கும் வேலை.

"இவன் ஜெயிச்சா லாரி வருதுடா" என்றாள். "கைராசிக்காரன்."

அதற்கப்புறம் ஒன்றரை மணிக்கு அவன் எழுந்து போகும்போது ஐந்து பேரும் ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். "ஜெயிச்சுட்டு வாடா, இந்த வாரம் வண்டி டியூ கட்டணும்." "ராணிய உட்டுடாத மச்சான், என் பொண்டாட்டி திட்டுவா." ஜெயித்துவிட்டு வந்தால் பூவாயி டீ வாங்கித் தருவாள். தோற்றுவிட்டு வந்தால் தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவ்ளோதான், வண்டி வராது, கெளம்பலாமா" என்பான். அதுவும் பலித்தது.

பீமாராவ் ராசியை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் ஜெயித்ததை நம்பினான்.

லாரி பத்தரை மணிக்குக் காலியானது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். கோதண்டராமன் அமாவாசைக்கு மேல்மலையனூர் போனவர், அன்று லீவு. பீமாராவ் குடோனில் அட்டி மேல் ஏறி உட்கார்ந்து நோட்டையும் போனையும் எடுத்தான். நேற்று ஜெயித்த ஆட்டத்தை ஒவ்வொரு நகர்த்தலாக ஆப்பில் போட்டான். விரல் தடிமன், கட்டம் சின்னது, இரண்டு முறை தப்பாகி அழித்துப் போட்டான்.

இருபதாவது நகர்த்தல் வரை கோதண்டராமன் பக்கம் ஒரு சிவப்பும் இல்லை. இருபத்தோராவதில் இரண்டு கேள்விக்குறி. கடைசி வரிசையில் ராஜாவுக்குக் காவலாக நின்ற யானையைத் தூக்கி மேலே ஓரக் கட்டம் ஒன்றில் வைத்திருந்தார். அங்கே அந்த யானைக்கு ஒரு வேலையும் இல்லை. எதையும் மிரட்டவில்லை, எதையும் காக்கவில்லை. சும்மா நகர்ந்து வழிவிட்டிருந்தது.

நேற்று அந்த இடத்தில் தனக்கு எப்படி இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. ஓட்டையைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்து, கோதண்டராமன் முகத்தைப் பார்க்காமல் ராணியைத் தூக்கி வைத்தான்.

அதற்கு முந்திய ஜெயித்த ஆட்டத்தைப் போட்டான். பத்தொன்பதில் இரண்டு கேள்விக்குறி. ஒரு குதிரை போய்ச் சிப்பாயின் வாயில் நின்றது. அதற்கு முந்தியது, இருபத்து மூன்றில். அதற்கும் முந்தியது. ஒன்பது ஆட்டம் போட்டான். ஒன்பதிலும் சரியாக ஒரே ஒரு இடம். அதற்கு முன்னால் ஒழுங்காக, சுத்தமாக ஆடிக்கொண்டு வந்த மனிதர், அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டவர் மாதிரி ஆடியிருந்தார். தோற்ற ஆட்டங்களில் அவர் பக்கம் அப்படி ஒன்றுகூட இல்லை.

போனைக் கீழே வைத்துவிட்டு நோட்டை முதலில் ஜெயித்த நாளிலிருந்து புரட்டினான். இந்த முறை ஆட்டத்தைப் படிக்கவில்லை, தலைப்பை மட்டும் படித்தான். ஜெயித்தது, பொன்னி, எரநூறு. ஜெயித்தது, மல்லாட்டை. தோற்றது, லோடு இல்லை. தோற்றது, லோடு இல்லை. ஜெயித்தது, ரெண்டு லாரி. எண்ணினான். ஜெயித்தது அறுபத்தொன்று. அறுபதுக்கு லோடு இருந்தது. லோடு இல்லாமல் ஜெயித்தது ஒன்றே ஒன்று, நேற்றையது. அந்த லாரியும் காலையில் எட்டு மணிக்கே சொல்லிவிட்டுக் கிளம்பி, கூட்டத்தில் மாட்டிக்கொண்டது.

ஆட்டம் ஒன்றரைக்கு. லாரி இரண்டுக்கும் மூன்றுக்கும். போன் வருவது எட்டுக்கு.

லோடு வந்தது அவன் ஜெயித்ததால் இல்லை. லோடு வருவதால் அவனை ஜெயிக்க வைத்திருக்கிறார்.

வண்டி மேட்டில் ஏறும்போது மாட்டின் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். மாடு அதை என்னவென்று நினைத்துக்கொள்ளுமோ தெரியாது. பீமாராவ் அந்தத் தட்டலைத் தன் மூளைக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தான். சிங்கவரத்து வீட்டில் பொண்டாட்டி மஞ்சுவிடம் சொன்னது, நிலாவிடம் போனில் சொன்னது, ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு வாத்தியாரிடம்கூட, "நானும் செஸ் ஆடுவேன் சார், மாவட்ட லெவல்ல ஆடினவரையே ஜெயிச்சிருக்கேன்" என்று சொன்னது. அட்டி மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த வாத்தியார் முகம் ஞாபகம் வந்து காது சுட்டது. கீழே இறங்கலாம் என்று காலைத் தொங்கவிட்டான். தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று பிடிபடவில்லை. மறுபடி காலை மேலே இழுத்துக்கொண்டான்.

தாண்டவராயனிடம் மட்டும் சொன்னான். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

"அப்ப லோடு இல்லாத நாளும் அந்தாளுக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நம்பள நாலு மணி வரைக்கும் நாய் மாதிரி குந்த வச்சிருக்கான். நூறு நாள் வேலைக்காவது போயிருப்பமே. மல்லாட்டை புடுங்கவாவது போயிருப்பமே." தாண்டவராயன் எச்சிலைத் துப்பினான். "நீ இன்னாடா, போயும் போயும் ஆட்டத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கிற?"

தாண்டவராயன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பீமாராவுக்குப் பெரிதாகத் தோன்றியது ஆட்டம்தான்.

வீட்டில் அன்று தட்டில் பாதிச் சோறு மிச்சம். மஞ்சு தட்டைப் பார்த்துவிட்டு, "சாப்டியா, அளைஞ்சுட்டு வச்சிட்டியா? இன்னா டென்ஷன் உனக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல, வெயில்" என்றான்.

மறுநாள் ஒன்றரைக்குக் கோதண்டராமன் நெற்றியில் மலையனூர் குங்குமத்தோடு பலகையை விரித்தார். ஐம்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வெள்ளைக் காய் அவருக்கு.

"லோடு இருக்குதா சார் இன்னிக்கு?"

"தெரியலப்பா. வந்தா உண்டு."

ஆட்டம் நகர்ந்தது. அவன் எப்போதும்போல வேகமாக வைக்கவில்லை. ஒவ்வொரு காய்க்கும் அவர் கையைப் பார்த்தான். பதினேழாவது நகர்த்தலில் அவர் கை குதிரையை எடுத்து, யோசிப்பது மாதிரி அந்தரத்தில் நிறுத்தி, நேராகக் கறுப்புச் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது.

லோடு இருக்கிறது என்று பீமாராவுக்குத் தெரிந்துவிட்டது.

சிப்பாயைத் தொடவில்லை. அவருடைய குதிரையை எடுத்தான். அது கிளம்பிய கட்டத்திலேயே திருப்பி வைத்தான்.

"ஒழுங்கா ஆடுங்க சார்."

கோதண்டராமன் சிரிக்கப் பார்த்தார். "கவனிக்கலப்பா. வயசாவுது."

"எத்தன மூட்டை?"

"எது எத்தன?"

"எட்டு மணிக்குப் போன்ல எத்தன மூட்டைன்னு சொன்னாங்க?"

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"நூத்தி எம்பது" என்றார். "மல்லாட்டை."

"மொத்தம் அறுவத்தோரு ஆட்டம் சார்."

"நான் எண்ணல பீமா."

"நான் எண்ணினேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு. மொத தடவை பாவமா இருந்துச்சு, விட்டுக்குடுத்தேன். சத்தியமா அவ்ளோதான். அன்னிக்கு நீ எறக்கின வேகத்தப் பாத்தேன். நீ தோத்த அன்னிக்கு லோடு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. வெயிட்டு ஜாஸ்தி, பலகை சரியில்லன்னு எதனா சொல்லுவ. நீ சொன்னா அஞ்சு பேரும் சொல்லுவானுங்க. லாரி நின்னா முதலாளி என்னைப் புடிச்சிக் கிழிப்பாரு. நீ ஜெயிச்சா அஞ்சு மணிக்கு லாரி காலி. ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். நான் உன்கிட்ட எதனா புடுங்கிக்கிட்டனா? நீ சந்தோஷமாத் தூக்கின. அதுல இன்னா தப்பு?"

அவர் அதை ஏமாற்றுக்காரன் குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் பீமாராவை உலுக்கியது. திட்டுவதற்கு வாயில் வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. இந்த மனிதர் ஒன்றரை வருஷமாகத் தினமும் தன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, தன் முகத்தைப் படித்திருக்கிறார்; பலகையைப் படிக்க அவருக்குப் பாதி கண் போதும்.

"எனக்கு ஒரு ஆட்டம் வேணும் சார்" என்றான். "நெஜமா ஒண்ணு. லாரி வந்தாலும் நான் எழுந்துக்க மாட்டேன். நீங்க தோக்கற மாதிரி வச்சா நான் திருப்பி வச்சிடுவேன். எத்தன மணி ஆனாலும் சரி."

"பீமா, நூத்தி எம்பது மூட்டைடா."

"ஆடுங்க சார்."

ஆடினார்கள். அதுவரை அவன் பார்க்காத கோதண்டராமன் அப்போது வெளியே வந்தார். காயை வைக்கும்போது சத்தம் வரவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கதவைச் சாத்தினார். பீமாராவின் மந்திரி மூலைவாட்டில் போக வழியில்லாமல் நின்றது. ஒரு சிப்பாய் போனது. இரண்டு பத்துக்கு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தாண்டவராயன் வாசலில் எட்டிப் பார்த்து, பலகையையும் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு வெளியே திரும்பி, "ஒக்காருங்கடா. இன்னிக்கு இவங்க முடிச்சாத்தான்" என்றான். தாண்டவராயன் ஏற்கனவே எல்லோரிடமும் சொல்லியிருந்தான்; ஐந்து பேரும் குடோன் நிழலில் உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் குந்த வைத்ததற்குக் கணக்குத் தீர்ப்பதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி வந்து, "யோவ், இன்னா தாயம் ஆடறீங்களா? நான் திண்டிவனம் போவணும்யா" என்றான். பூவாயி, "கத்தாத. உள்ள பெரிய வேலை நடக்குது" என்று அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு முதலாளி போன் செய்தார். கோதண்டராமன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, "ஆமாங்க... எறக்கிட்டு இருக்காங்க... இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே, மறு கையால் பலகையில் மந்திரிக்கு மந்திரி வெட்டிக்கொண்டார். போனை வைத்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவருடைய ராணி ஏற்கனவே பீமாராவின் ராஜாவுக்கு எதிரே வலது ஓரத்தில் வந்து நின்றிருந்தது. பீமாராவ் ஒரு யானையை நடுவில் திறந்து கிடந்த வழியில் கொண்டுவந்து நிறுத்தினான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் வைத்தது. மறுபடி போன் அடித்தது. கோதண்டராமன் அதை எடுக்கவில்லை. கடைசி வரிசையில் ராஜாவுக்குக் காவலாக நின்ற யானையை எடுத்து இரண்டு கட்டம் மேலே தூக்கி வைத்தார்.

பீமாராவ் பார்த்தான். கடைசி வரிசை காலி. அவனுடைய யானை நேராக இறங்கினால் ராஜாவுக்கு ஓட இடம் இல்லை. முன்னால் அவருடைய சிப்பாய்களே மறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே நகர்த்தலில் முடிந்துவிடும்.

மறுபடியும். இத்தனை சொன்ன பிறகும்.

"எடுத்து வைங்க சார்" என்றான். "அந்த யானைய எடுத்து வைங்க."

"எத?" என்று கோதண்டராமன் பலகையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே இருந்தார். "ஐயோ" என்றார் மெதுவாக. "பீமா, இது நான் உட்டது இல்ல. சத்தியமா இல்ல. அங்காளம்மன் மேல ஆணை."

"கவனிக்கலன்னு அறுவத்தோரு தடவ சொன்னீங்க சார்."

"இல்லடா. இது நெஜமாவே கவனிக்கல."

போன் அடித்து ஓய்ந்தது. வெளியே டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். இந்த மனிதர் சொல்வது பொய் என்றால் அவனுக்கு இன்றும் ஒன்றும் இல்லை. நிஜம் என்றாலும் அதை நிஜம் என்று சொல்ல இவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? இவர் சத்தியம் செய்தால்தான் தான் ஜெயித்ததாக ஆகுமா? இனி சாகும்வரை ஜெயித்த ஒவ்வொரு முறையும் எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். பலகையைப் பார்த்தான்.

யானை அங்கே எதற்குப் போனது?

நேற்று அட்டி மேல் பார்த்த காய்கள் எல்லாம் சும்மா நகர்ந்தவை. போன இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. இந்த யானை மேலே ஏறி நிற்கிறது. அது நிற்கிற வரிசை வலது ஓரம் வரை வெறுமையாக இருக்கிறது. வலது ஓரத்தில் ராணி. அடுத்த நகர்த்தலில் இந்த யானை ராணியின் பின்னால் போய் நின்றால்... அவன் விரலால் மேசையின் மேல் கோடு இழுத்தான். ராணி வெட்டும். தன் ராஜா நகர்ந்தாலும் அதற்கடுத்ததில் காலி. தப்பிக்க வழியே இல்லை. ஒருமுறை பார்த்தான், மறுமுறையும் பார்த்தான். வழியே இல்லை.

அப்படியானால் இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர் தன் வீட்டு வாசல் திறந்து கிடந்ததை ஏன் பார்க்கவில்லை? அவன் பக்கத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்த காய்களைப் பார்த்தான். வெள்ளை மந்திரி. முதலாளியோடு பேசிக்கொண்டே வெட்டுக் கொடுத்த மந்திரி. அதுவரைக்கும் அதுதான் தூரத்தில் நின்று அந்தக் கட்டத்துக்குக் காவலாக இருந்தது. அது போய்விட்டது அவருடைய மண்டைக்கு இன்னும் ஏறவில்லை.

பீமாராவ் யானையை எடுத்தான். அது கையில் மூட்டையைவிட மோசமாக ஆடியது. நேராக இறக்கிக் கடைசி வரிசையில் வைத்தான்.

"செக்."

கோதண்டராமன் மேலே போன யானையைத் திரும்ப இறக்கிக் குறுக்கே வைத்தார். பீமாராவ் அதை வெட்டினான். ராஜாவுக்கு நகர இடமில்லை, மறைக்க ஆள் இல்லை. கோதண்டராமன் ராஜாவைப் படுக்க வைத்தார். அறுபத்தொரு முறையும் தோற்றவுடன் "சபாஷ்டா பீமா" என்று முதுகில் தட்டியவர், இப்போது எதுவும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கோபமாக, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உட்டுக்குடுத்தேன்னுதான இன்னும் நெனைக்கிற?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்ல சார்."

"எப்படித் தெரியும்?"

"என்னைக் கொல்லத்தான் சார் அந்த யானைய எடுத்தீங்க. அடுத்த நகர்த்தல்ல ராணிக்குப் பின்னாடி வச்சிருந்தா நான் முடிஞ்சேன். உட்டுக்குடுக்கறவரு எதுக்கு அவ்ளோ தூரம் யோசிக்கப் போறாரு?"

கோதண்டராமன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். போன் மறுபடி அடித்தது.

தாண்டவராயன் வாசலில் வந்து நின்றான். "முடிஞ்சிதா? இன்னா ஆச்சு?"

"ஜெயிச்சேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்பறம் மூஞ்சி ஏன்டா பேய் அறைஞ்ச மாதிரி இருக்குது?"

பீமாராவ் இந்த மண்டியில் முப்பது வருஷமாக என்னென்னவோ தூக்கியிருக்கிறான். கை இப்படி நடுங்கியது கிடையாது. இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"பீமா, லாரி நிக்குது" என்றார் கோதண்டராமன். போன் அவர் கையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. "மூணரை ஆச்சு. முதலாளிக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

"ஆட்டத்துல தோத்துட்டேன்னு சொல்லுங்க சார்."

வெளியே யாரோ சிரித்தார்கள். கோதண்டராமன் சிரிக்கவில்லை, பீமாராவும் சிரிக்கவில்லை. பூவாயி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். எடுத்துக் குடித்தால் சட்டையில் கொட்டும் என்று தெரிந்தது, தொடாமல் இருந்தான். ஹாரன் விடாமல் அடித்தது. ஐந்து பேரும் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் லாரி நின்றது.